கண் சொருகும் லோட்டஸ்: காலின் சாப்மன் கதை

ராத்திரி பதினொரு மணி. திண்டிவனத்துல ஒரு டீயைப் போட்டுட்டு விழுப்புரம் பக்கம் கிளம்புறீங்கன்னு வச்சுக்குவோம். கூட்டேரிப்பட்டு தாண்டியாச்சு. முன்னாடி ஒரு கரும்பு லாரி ஆடி அசைஞ்சு போகுது. ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்கிறீங்க, வண்டி சீறுது. அந்த நேரம் பார்த்து ரெண்டு ஹெட்லைட்டும் தூக்கம் வந்த குழந்தை மாதிரி மெல்லக் கண் சொருகி, பானெட்டுக்குள்ள இறங்கிடுது. ரோடே தெரியல. பயந்துபோய் காலை எடுத்தா, லைட் திரும்ப மெதுவா எழுந்து நிக்குது.

பேய் பிசாசு எதுவும் இல்லைங்க. 1962ல இங்கிலாந்துல வந்த லோட்டஸ் எலான்கிற ஸ்போர்ட்ஸ் காரோட புகழ்பெற்ற கோளாறு இது. நம்ம ஹைவேயில எலான் வர வாய்ப்பு ரொம்பக் கம்மி, சும்மா கற்பனைதான். ஆனா அந்த லைட் ஏன் அப்படிப் படுத்துக்குதுன்னு தேடிப் போனா, அந்தக் காரைச் செஞ்ச மனுஷனோட மொத்த வாழ்க்கையும் அதுக்குள்ள இருக்கு. அவர் பேர் காலின் சாப்மன்.

அரியர் வச்ச இன்ஜினியர்

முழுப் பேர் அந்தோணி காலின் புரூஸ் சாப்மன். 1928 மே 19 அன்னைக்கு லண்டனை ஒட்டிய ரிச்மண்ட்ல பிறந்தவர். அப்பா வடக்கு லண்டன்ல ஹார்ன்சிங்கிற இடத்துல ரயில்வே ஹோட்டல் நடத்திக்கிட்டிருந்தார். 1945ல சாப்மன் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல கட்டடப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். மெக்கானிக்கல் இல்ல, ஸ்ட்ரக்சுரல். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். காலேஜ்ல இருந்த விமானப் பயிற்சிப் பிரிவுல சேர்ந்து பிளேன் ஓட்டவும் கத்துக்கிட்டார்.

படிக்கும்போதே பழைய கார் வாங்கி விக்கிற சைடு பிசினஸ். போர் முடிஞ்ச காலம், புதுக் கார் கிடைக்காது, அதனால பழைய காருக்கு நல்ல விலை. ஆனா 1947ல அரசாங்கம் சாதாரண மக்களுக்கான பெட்ரோல் ரேஷனையே நிறுத்திடுச்சு. பெட்ரோலே இல்லைன்னா காரை யார் வாங்குவா? கையில இருந்த வண்டிகளை வந்த விலைக்குத் தள்ளினார். கடைசியில விலை போகாம மிஞ்சினது பழைய ஆஸ்டின் செவன் ஒண்ணு.

அதைத்தான் பிரிச்சார். அவரோட காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுக்குப் பின்னாடி இருந்த ஷெட்டுதான் வொர்க்‌ஷாப். பழைய பாடியைக் கழட்டி எறிஞ்சிட்டு, அலுமினியம் ஒட்டின பிளைவுட்டுல புது பாடி கட்டினார். விமானத்துல பார்த்த விஷயத்தைக் கார்ல போட்டார்: பாடிங்கிறது மேல போர்த்துற சட்டை மட்டும் இல்ல, அதுவும் பாரம் தாங்கணும். 1948ல வந்த அந்த வண்டிக்கு லோட்டஸ்னு பேர் வச்சார். நம்ம தாமரைதான். ஏன் அந்தப் பேர்னு கடைசி வரைக்கும் அவர் வெளியில சொல்லவே இல்ல. லோட்டஸ் முத்திரையைப் பெருசாக்கிப் பாருங்க, மேல பின்னிக்கிடக்கிற எழுத்துக்கள் அவர் பேரோட நாலு முதல் எழுத்துக்கள்.

இன்னொரு முக்கியமான தகவல். 1948ல அவர் டிகிரி வாங்காமத்தான் காலேஜை விட்டு வெளிய வந்தார். கணக்குப் பேப்பர் போச்சு. அடுத்த வருஷம் திரும்ப எழுதித்தான் பாஸ் பண்ணார். எம்-3 அரியரோட இதைப் படிச்சிட்டிருக்கிற நண்பர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்.

சட்டத்துல இருக்கிற சந்து

அவர் பொழைப்பே ஒரு விஷயத்துலதான் ஓடிச்சுன்னு சொல்லலாம். ரூல் புக்ல என்ன எழுதியிருக்குன்னு எல்லாரும் படிப்பாங்க, என்ன எழுதலைன்னு சாப்மன் படிப்பார். 1951ல ஆஸ்டின் செவன் இன்ஜின் வண்டிகளுக்கான ரேஸ் ஒண்ணு நடந்துக்கிட்டிருந்தது. அந்த இன்ஜின்ல நாலு சிலிண்டருக்குக் காத்தும் பெட்ரோலும் போக ரெண்டே வாசல்தான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ஒரே வாசலுக்கு அடிச்சுக்கணும். சாப்மன் அந்த வாசலுக்கு நடுவுல தடுப்பு வச்சு, நாலுக்கும் தனித்தனி வழி பண்ணிட்டார். அவர் வண்டி மத்த எல்லாத்தையும் ஓட விட்டுச்சு. அடுத்து ரூலையே மாத்த வேண்டியதாப் போச்சு.

1952 ஜனவரி 1. ஹேசல் கொடுத்த 25 பவுண்டு கடனை முதலாப் போட்டு, லோட்டஸ் இன்ஜினியரிங் கம்பெனி ஆரம்பம். இடம், அப்பாவோட ஹோட்டலுக்குப் பின்னாடி இருந்த பழைய குதிரை லாயம். 1954ல ஹேசலையே கல்யாணமும் பண்ணிக்கிட்டார். 1957ல லோட்டஸ் செவன் வந்தது. முழுக் காரா வாங்கினா வரி, பார்ட்ஸா வாங்கி வீட்டுல மாட்டிக்கிட்டா வரி இல்ல. ஆனா மாட்டுறது எப்படின்னு புக் கொடுக்கக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை. அதனால லோட்டஸ் கழட்டுறது எப்படின்னு ஒரு புக் கொடுத்துச்சாம், வாங்குறவங்க அதைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கணுமாம். அந்தச் செவன் டிசைனை 1973ல கேட்டர்ஹாம் கம்பெனிக்கு வித்தாங்க. இன்னைக்கும் அதோட வாரிசு வித்துக்கிட்டிருக்கு.

ஒரு பார்ட், ரெண்டு வேலை

1957ல லண்டன் மோட்டார் ஷோவுல லோட்டஸ் எலைட்னு ஒரு கார் வந்தது. தனி சேஸிஸே கிடையாது, மொத்தமும் ஃபைபர் கிளாஸ். பார்க்க அவ்வளவு அழகு, ஆனா கம்பெனிக்குக் கை கடிச்சது. அதுக்கு மாத்தா 1962ல எலான் வந்தது. நடுவுல முதுகெலும்பு மாதிரி இரும்புத் தகட்டுல ஒரு பெட்டி சேஸிஸ், மேல ஃபைபர் கிளாஸ் பாடி. எடை 700 கிலோவுக்கும் கீழ, அதாவது நம்ம மாருதி 800 பக்கம். ஆனா மாருதியில 40 குதிரைசக்திக்கும் கம்மி, எலான்ல 100க்கு மேல.

மூக்கு ரொம்பத் தாழ்வா இருந்ததுதான் பிரச்சினை. ஹெட்லைட் தரையில இருந்து குறைஞ்சபட்சம் இவ்வளவு உயரத்துல இருக்கணும்னு சட்டம் சொல்லுது. மூக்கைத் தூக்கினா அழகும் போச்சு, காத்தும் மோதும். சரி, பகல்ல லைட் உள்ள படுத்துக்கட்டும், ராத்திரி எழுந்து நிக்கட்டும். இந்த யோசனை அப்பவே புதுசு இல்ல. 1936ல அமெரிக்காவுல கார்ட் 810னு ஒரு கார்ல டிரைவர் கையால கைப்பிடியைச் சுத்தி லைட்டைத் தூக்குவார். மோட்டார் வச்சும் தூக்கலாம். ஆனா மோட்டார்னா எடை, மோட்டார்னா காசு.

இன்ஜின்தான் ஓசியிலேயே உறிஞ்சிக்கிட்டிருக்கே! பெட்ரோல் இன்ஜின்ல த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம் வெளிக்காத்தை விடக் குறையும். அந்த வேக்யூமை வச்சுத்தான் நம்ம ஊர் கார்கள்ல பிரேக் பூஸ்டர் வேலை செய்யுது. எலான்ல அதே வேக்யூம் ஒரு டயஃப்ரம்மை இழுத்து லைட்டைத் தூக்கிச்சு. இறக்கி விட ஸ்பிரிங்.

ஆனா த்ராட்டிலை முழுசாத் திறந்தா வேக்யூம் போயிடும். அதனால சேமிச்சு வைக்க ஒரு டேங்க் வேணும், திரும்பிப் போகாம இருக்க ஒன்வே வால்வு வேணும். டேங்க்குக்குத் தனியா எடை எதுக்குன்னு, சேஸிஸோட முன்பக்கக் குறுக்குத் துண்டு இருக்கே, அந்த உள்ள காலியான இரும்புப் பெட்டியை அடைச்சு, அதையே வேக்யூம் டேங்க் ஆக்கிட்டாங்க. முன் சஸ்பென்ஷனைத் தாங்குற அதே துண்டு, இப்ப ஹெட்லைட்டுக்கும் டேங்க். ஒரு பார்ட், ரெண்டு வேலை. எடை ஏறல, காசும் பெருசா ஏறல.

இதைப் படிச்சப்போ எனக்கு விழுப்புரம் ஜங்ஷன்தான் ஞாபகம் வந்துச்சு. சென்னை லைன், விருத்தாசலம் வழி, மாயவரம் வழி, புதுச்சேரி, காட்பாடி எல்லாம் ஒரே இடத்துல சேருது. எவ்வளவு வசதி! ஆனா அங்க ஒரு சிக்னல் மக்கர் பண்ணா, அஞ்சு பக்கமும் நிக்கும்.

கண் சொருகினா எங்க பார்க்கணும்?

எலான் வச்சிருக்கிறவங்க இதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னு பார்ப்போம். லேப்ல வைவாவுக்கும் உதவும்.

முதல் கேள்வி, லைட் எரியலையா, இல்ல எழுந்து நிக்கலையா? எழுந்து நின்னும் மங்கலா எரிஞ்சா அது வேக்யூம் இல்ல, கரண்ட். ஃபைபர் கிளாஸ் பாடியில கரண்ட் ஓடாது. இரும்பு பாடி கார் மாதிரி பாடியையே எர்த்தாப் பயன்படுத்த முடியாது, ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் வேணும். அந்த முனையில பச்சை பூத்திருக்கும், தேச்சு மாட்டினா சரியாகும்.

ரெண்டாவது, ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா? ஒரு கண்ணு மட்டும் சோம்பேறித்தனம் பண்ணா, அந்தப் பக்கத்து டயஃப்ரம், ஹோஸ், இல்லைன்னா கீல் இறுகியிருக்கும். ரெண்டும் சேர்ந்து இறங்கினா, பொதுவான இடத்துல லீக்.

மூணாவது, லைட்டைத் தூக்கிட்டு இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. டேங்க் நல்லா இருந்தா லைட் கொஞ்ச நேரம் நிக்கணும். உடனே படுத்தா எங்கயோ காத்து நுழையுது. கையால இயக்கும் வேக்யூம் பம்ப்பை, மீட்டரோட, ஒவ்வொரு பகுதியிலயா மாட்டி முள் இறங்குதான்னு பார்க்கணும். வெடிச்ச ரப்பர் ஹோஸ், டேஷ்போர்டு சுவிட்ச், அப்புறம் ஒன்வே வால்வு. வால்வுல ஒரு பக்கம் ஊதினா காத்து போகணும், மறுபக்கம் ஊதினா போகவே கூடாது.

எல்லாம் நல்லா இருந்தும் முள் இறங்கினா, மிச்சம் அந்தக் குறுக்குத் துண்டுதான். துரு புடிச்சு ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கும். இங்கதான் நிதானமா யோசிக்கணும். தனி டேங்க்கை மாட்டி லைட்டை நிக்க வச்சிடலாம், வேலை முடிஞ்சதுன்னு தோணும். ஆனா முன் சஸ்பென்ஷனும் அதே துண்டுலதானே நிக்குது? லைட் படுத்தது ஒரு எச்சரிக்கை. லைட்டை மட்டும் சரி பண்ணா, அந்த எச்சரிக்கையோட வாயைப் பொத்தின மாதிரி.

பின்னாடி வந்த சில எலான்கள்ல லோட்டஸே இதைத் தலைகீழாக்கிடுச்சு. ஸ்பிரிங் லைட்டைத் தூக்கும், வேக்யூம் கீழ இழுத்து வைக்கும். லீக் ஆனா லைட் தானா எழுந்து நிக்கும். நிறுத்தி வச்ச கார் ராத்திரியில தன்னால கண் திறக்கும், பார்க்கச் சிரிப்பா இருக்கும். ஆனா நடுரோட்டுல யாரும் இருட்டுல மாட்ட மாட்டாங்க. பார்ட்ஸ் ஏறக்குறைய அதேதான். கெட்டுப் போனா எந்தப் பக்கம் சாயணும்னு யோசிச்சதுதான் வித்தியாசம்.

ஜெயிப்பும் சாவும்

அதே 1962ல ரேஸ் டிராக்ல சாப்மன் லோட்டஸ் 25ஐ இறக்கினார். அது வரைக்கும் ஃபார்முலா ஒன் காருங்க குழாய்களை வெல்ட் பண்ணின கூண்டு. சாப்மன் அலுமினியத் தகட்டுல தொட்டி மாதிரி பண்ணி, அதுவே சேஸிஸ், அதுவே பெட்ரோல் டேங்க் இருக்கிற இடம், அதுவே டிரைவர் படுத்து ஓட்டுற சீட்னு ஆக்கிட்டார். ஸ்காட்லாந்துக்காரர் ஜிம் கிளார்க் 1963ல பத்து ரேஸ்ல ஏழை ஜெயிச்சு உலகச் சாம்பியன். 1965ல மறுபடி சாம்பியன், கூடவே இண்டியானாபோலிஸ் 500 வெற்றி. 1967ல லோட்டஸ் 49. இதுல இன்ஜினே சேஸிஸோட பாதி. முன்பக்கத் தொட்டியில இன்ஜினை போல்ட் போட்டு, பின் சஸ்பென்ஷனை இன்ஜின் மேலயே மாட்டிட்டார். முதல் ரேஸ்லயே கிளார்க் ஜெயிச்சார். இப்பவும் ஃபார்முலா ஒன் கார் அப்படித்தான் கட்டுறாங்க.

ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 1960ல பெல்ஜியத்துல ஸ்பா டிராக்ல, பயிற்சியின்போது ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டின லோட்டஸ்ல சக்கரமே கழண்டு போய், அவருக்கு ரெண்டு காலும் உடைஞ்சது. அதே நாள் மைக் டெய்லரோட லோட்டஸ்ல ஸ்டியரிங் ராடு உடைஞ்சது. டெய்லர் கோர்ட்டுக்குப் போய் நஷ்ட ஈடு வாங்கினார். 1968 ஏப்ரல் 7, ஜெர்மனியில ஹாக்கன்ஹைம்ல ஜிம் கிளார்க் செத்துப்போனார். டயர்ல காத்து இறங்கினதுதான் காரணம்னு நம்புறாங்க. சாப்மனுக்கு அவர் வெறும் டிரைவர் இல்ல, உயிர் நண்பர். சரியா ஒரு மாசத்துல, இண்டியானாபோலிஸ்ல மைக் ஸ்பென்ஸ் லோட்டஸ்ல உயிரை விட்டார். அந்த வருஷம் கிரஹாம் ஹில் லோட்டஸ்லயே உலகச் சாம்பியன் ஆனார்.

1969ல பார்சிலோனாவுல ஒரே ரேஸ்ல ஹில், யோகன் ரிண்ட் ரெண்டு பேர் கார்லயும் உயரமான இறக்கைகள் மடங்கி, ரெண்டும் சுவர்ல மோதிச்சு. அதுக்கப்புறம் ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கார் வேகமாத்தான் இருக்கு, பலவீனமான இடத்துல சில கிலோ கூட்டினாக்கூட நாம ஜெயிக்கலாம், எனக்கு இந்தக் கார் மேல நம்பிக்கை வரணும்கிறதுதான் அதோட சாரம்.

அடுத்த வருஷம் ரிண்ட் லோட்டஸ் 72ஐ ஓட்டினார். அதுல பிரேக் டிஸ்க் சக்கரத்துக்குள்ள இல்ல, உள்ள தள்ளி சேஸிஸ் பக்கம். சக்கரத்தோட எடை குறையும், குலுங்காது. ஆனா பிரேக் பிடிக்கிற மொத்த முறுக்கும் நடுவுல இருக்கிற ஒரு தண்டு வழியாப் போகணும். 1970 செப்டம்பர் 5, இத்தாலியில மான்சா. பயிற்சியில முன்பக்கத் தண்டு உடைஞ்சது, கார் தடுப்புல போய் மோதிச்சு. ரிண்ட் இறந்துட்டார். அதுவரைக்கும் அவர் சேர்த்த புள்ளிகளை யாரும் தாண்டல. இறந்த பிறகு உலகச் சாம்பியன் ஆனது இன்னைக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான்.

லோட்டஸ் 72 அதுக்கப்புறமும் ஓடிச்சு. 1972ல எமர்சன் ஃபிட்டிபால்டி அதே மாடல்ல சாம்பியன். மொத்தம் 20 ரேஸ் ஜெயிச்ச கார் அது.

கடைசி உறிஞ்சல்

1978ல மரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டின லோட்டஸ் 79 பத்தி ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாத்தியார் கிளாஸ்ல சொல்லியிருக்கலாம். காரோட அடிப்பக்கத்தை வென்ச்சுரி மாதிரி வளைச்சார். கீழ போற காத்து வேகம் எடுக்கும், அழுத்தம் குறையும், கார் தரையோட ஒட்டும். எலான்ல லைட்டைத் தூக்கின அதே குறைஞ்ச அழுத்தம், இங்க காரைக் கீழ இழுத்துச்சு. பக்கவாட்டுல காத்து புகுந்துடாம இருக்கத் தரையைத் தொடுற தடுப்புகள். அந்தத் தடுப்பு எங்கயாவது சிக்கி நின்னா, பிடிப்பு மொத்தமும் சட்டுனு போயிடும். மறுபடியும் லீக்! சில வருஷத்துல அந்தத் தடுப்புகளைத் தடை பண்ணிட்டாங்க. ஆண்ட்ரெட்டி சாம்பியன் ஆனார். அதே மான்சாவுல நடந்த விபத்துக்கு அப்புறம் இன்னொரு லோட்டஸ் டிரைவர் ரானி பீட்டர்சன் இறந்துபோனார்.

கம்பெனிக்குப் பணக் கஷ்டம். அப்பதான் அமெரிக்காவோட ஜான் டெலோரியன், தன் காரை வடிவமைக்க லோட்டஸ்கிட்ட வந்தார். பிரிட்டிஷ் அரசாங்கம் கொட்டின பணத்துல பெரிய தொகை, பனாமாவுல பதிவான ஒரு கம்பெனி வழியாக் காணாமப் போச்சு. விசாரணை நெருங்கிக்கிட்டிருந்த நேரம், 1982 டிசம்பர் 16 அதிகாலை, சாப்மன் மாரடைப்புல இறந்தார். வயசு 54. அவரோட கணக்கைப் பார்த்த ஃப்ரெட் புஷெல் 1992ல ஜெயிலுக்குப் போனார். சாப்மன் உயிரோட இருந்திருந்தா அவருக்குக் குறைஞ்சது பத்து வருஷம் கிடைச்சிருக்கும்னு நீதிபதியே சொல்லிட்டார். ரூல் புக்ல சந்து தேடின பழக்கம் பணத்துக்கும் வந்துட்டா என்ன ஆகும்னு இதுக்கு மேல யாரும் விளக்கத் தேவையில்ல.

அவர் இறந்த அதே நாள், அவர் டீம் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துற ஆக்டிவ் சஸ்பென்ஷன் போட்ட ரேஸ் காரை முதல் தடவை ஓட்டிப் பார்த்துக்கிட்டிருந்துச்சு.

2011ல நம்ம சென்னைப் பையன் கருண் சந்தோக் ஜெர்மன் கிராண்ட் பிரீல லோட்டஸ் பேர் போட்ட டீம் காரை ஓட்டினார். அது பேரைப் புதுப்பிச்ச வேற டீம், சாப்மன் இல்லாத லோட்டஸ். பாப்-அப் ஹெட்லைட்டும் போயாச்சு. பெரிய கம்பெனிகள்ல கடைசியா அதை வச்சிருந்த ரெண்டு கார்ல ஒண்ணு லோட்டஸ் எஸ்பிரிட், 2004 வரைக்கும்.

இந்த செமஸ்டர் எங்க ப்ராஜெக்ட் ரிவ்யூல எடையைக் குறைச்சதுக்குக் கைதட்டு வாங்கினோம். ரெண்டு பிராக்கெட்டை ஒண்ணாக்கிட்டோம், அவ்வளவுதான். சாப்மனைப் படிச்சிட்டு அந்த ட்ராயிங்கைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு பிராக்கெட் உடைஞ்சா வண்டியில எது எதெல்லாம் போகும்னு ஓரத்துல ஒரு லிஸ்ட் எழுதினேன். நினைச்சதை விட நீளமா வந்துச்சு. ரெண்டு வரிக்குப் பக்கத்துல டிரைவர்னு எழுத வேண்டியிருந்துச்சு. பிராக்கெட் இப்ப 200 கிராம் கூடியிருக்கு. அடுத்த ரிவ்யூல கேள்வி வந்தா, யோகன் ரிண்ட் கதையைச் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.